ஊருணிக்குக் காவல் இருந்தது; குடிநீர் இயந்திரத்துக்கு யார் காவல்?

விருதுநகர் மாவட்டம் வானம் பார்த்த பூமி. ஆண்டுக்கு 800 மில்லி மீட்டரைச் சுற்றியே மழை கிடைக்கிறது. அதிலும் பெரும்பங்கு வடகிழக்குப் பருவ மழையை நம்பியது. பருத்தி, மக்காச்சோளம், கம்பு, மல்லி, மிளகாய் என்று கரிசல் காட்டு விவசாயி மழையின் போக்கைப் பார்த்துப் பயிரை மாற்றிக்கொள்வார். ஆனால் குடிநீரை அப்படி மாற்றிக்கொள்ள வழியில்லை. கிணறு எந்த நீரைத் தருகிறதோ அதைத்தான் குடித்தாக வேண்டும்.

தாமிரபரணிக் கூட்டுக் குடிநீர் மாவட்டத்தின் பல ஊர்களுக்கு வருகிறது. வராத நாட்களிலும், எட்டாத ஊர்களிலும் ஆழ்துளைக் கிணறுதான் கதி. அந்த நீர் பல இடங்களில் உப்பு. குடிநீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவு லிட்டருக்கு 500 மில்லி கிராமுக்குள் இருப்பது நல்லது என்றும், வேறு நீர் கிடைக்காவிட்டால் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் கூறுகிறது. புளோரைடு 1.5 மில்லி கிராமையும், நைட்ரேட் 45 மில்லி கிராமையும் தாண்டக் கூடாது. இது தவிர, பட்டாசுத் தொழில் நடக்கும் பகுதிகளின் நீரில் பெர்குளோரேட் என்னும் உப்பு கலந்திருப்பதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன. இந்த உப்புகள் துணியில் வடிகட்டினாலும் போகா, காய்ச்சினாலும் போகா. காய்ச்சக் காய்ச்ச நீர் வற்றி, உப்பின் அடர்த்திதான் கூடும்.

எனவேதான் ஊர்தோறும் ஆர்.ஓ. நிலையங்கள் வந்தன. இவை வந்தது நல்லதே. ஆனால் இயந்திரம் வந்த வேகத்தில் அதைக் காக்கும் பழக்கம் வரவில்லை. புதிதில் இனிப்பாக நீர் தந்த நிலையம் சில மாதங்களில் நீர் குறைந்து, சுவை மாறி, பிறகு பூட்டிக் கிடக்கும் காட்சி கிராமங்களுக்குப் புதிதல்ல. "மெம்பரேன் போய்விட்டது, புதிது போட வேண்டும்" என்பார்கள். புதிது போட்டாலும் அதே கதைதான் திரும்புகிறது. சவ்வு ஏன் போயிற்று என்று யாரும் கேட்பதில்லை. பெரும்பாலும் அதன் காரணம் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் கட்டும் வழும்பு. அந்த வழும்பைக் கழுவுவதைவிட, கட்ட விடாமல் தடுப்பதே சுலபம், சிக்கனம். அதற்கு வேண்டியது விலை உயர்ந்த மருந்தல்ல. தினமும் கவனிக்கும் ஒரு ஆள்.

சவ்வு என்ன செய்கிறது?

ஆர்.ஓ. நிலையத்தின் உயிர்நாடி அந்த நீண்ட குழாய்களுக்குள் பாய்போல் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும் மெல்லிய சவ்வு. உப்பு நீரை அழுத்தத்துடன் செலுத்தினால் நீர் மட்டும் சவ்வைத் தாண்டும். உப்பின் பெரும்பகுதி இந்தப் பக்கமே தங்கி, கழிவு நீருடன் வெளியேறும். இம்முறை நடைமுறைக்கு வந்ததில் நம் நாட்டவர் ஒருவருக்குப் பெரும் பங்குண்டு. 1959-ஆம் ஆண்டு அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில், சிட்னி லோப் என்பவரும் இந்தியாவில் பிறந்த ஸ்ரீனிவாச சௌரிராஜனும் போதுமான வேகத்தில் நல்ல நீர் தரும் சவ்வை முதன்முதலில் உருவாக்கினர். 1965-இல் அங்குள்ள கோலிங்கா என்ற சிற்றூருக்கு அம்முறையில் குடிநீர் வழங்கப்பட்டது. இன்று சென்னைக்கு மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல் நீரைக் குடிநீராக்குவதும் இதே முறைதான். மீஞ்சூர் நிலையம் 2010-இலும், நெம்மேலி நிலையம் 2013-இலும் தொடங்கப்பட்டன. ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறன் உடையது.

பெரிய நிலையத்தில் இரவும் பகலும் பொறியாளர்கள் இருக்கிறார்கள். ஆய்வுக்கூடம் இருக்கிறது. கிராம நிலையத்தில் ஒரு சாவியும் ஒரு சுவிட்சும் இருக்கின்றன. சவ்வுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. கிருமிக்கும் தெரியாது.

வழும்பு எப்படிக் கட்டுகிறது?

குளத்துப் படிக்கட்டில் கால் வைத்தால் வழுக்குகிறது. சொட்டு நீர்க் குழாயின் கடைசி மூடியைத் திறந்தால் பழுப்பு நிறத்தில் கொழகொழவென்று ஏதோ வருகிறது. இரண்டும் ஒரே வகை. நீரிலுள்ள நுண்ணுயிர்கள் ஒரு பரப்பில் ஒட்டிக்கொண்டவுடன் பசைபோன்ற ஒரு பொருளைச் சுரந்து அதற்குள் குடியிருக்கும். அந்தப் பசைக்குள் உள்ள கிருமியை மருந்து எளிதில் எட்டாது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது கிருமிகளைக் கொன்றாலும், மிஞ்சிய ஒன்று செத்தவற்றின் மிச்சத்தைத் தின்றே மறுபடி பெருகிவிடும். களையின் தலையை மட்டும் அறுத்தால் வேர் துளிர்ப்பது போலத்தான் இதுவும்.

ஆர்.ஓ. சவ்வு கிருமிக்கு மிகவும் தோதான இடம். இருட்டு, ஈரம், மிதமான சூடு எல்லாம் அங்கே உண்டு. நீர் நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக உணவைக் கொண்டுவந்து சவ்வின் மேல் சேர்க்கிறது. சவ்வுகளுக்கு நடுவே வலை போன்ற ஒரு இடைத்தாள் உண்டு; அதன் கண்களில் வழும்பு அடைத்துக்கொண்டால் நீர் ஓடும் வழியே குறுகிவிடும்.

இதனால் வரும் நஷ்டத்தைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். மணிக்கு 1000 லிட்டர் நல்ல நீர் தரும் நிலையம் ஒன்று, நாளைக்கு 8 மணி நேரம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். வழும்பினால் நீர் 15 சதவீதம் குறைந்தால் நாளொன்றுக்கு 1200 லிட்டர் நஷ்டம். அதாவது 20 லிட்டர் கேன் கணக்கில் 60 கேன். அறுபது வீட்டுக்குத் தண்ணீர் இல்லை. அதை ஈடுகட்ட அழுத்தத்தைக் கூட்டினால் மின்சாரச் செலவு ஏறும். வழும்பும் சவ்வின் மேல் இன்னும் இறுகும்.

இதில் கஷ்டப்படுபவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். வசதி உள்ளவர் டவுனிலிருந்து கேன் வரவழைத்துக்கொள்வார். சிறு விவசாயியும், பட்டாசு ஆலைக்கும் தீப்பெட்டி ஆலைக்கும் கூலிக்குப் போகிற குடும்பமும்தான் மறுபடி உப்புக் கிணற்றுக்குக் குடத்தை எடுத்துச் செல்லும்.

குளோரின் போட்டால் தீராதா?

கிருமி என்றவுடன் பிளீச்சிங் பவுடர்தான் நினைவுக்கு வரும். இங்கேதான் பல ஊர்களில் தவறு நேர்கிறது. லோபும் சௌரிராஜனும் செய்த ஆதிச் சவ்வு செல்லுலோஸ் அசிடேட் வகை. அது சிறிதளவு குளோரினைத் தாங்கும். ஆனால் அதையே கிருமிகள் தின்றுவிடும். இன்று எங்கும் உள்ள சவ்வு பாலியமைடு வகை. இதைக் கிருமி தின்னாது. ஆனால் குளோரின் அரித்துவிடும். லிட்டருக்கு 1 மில்லி கிராம் குளோரின் உள்ள நீர் சுமார் 200 மணி முதல் 1000 மணி நேரம் இச்சவ்வின் மேல் ஓடினாலே சவ்வு கெடத் தொடங்கும். நீரில் இரும்புச் சத்து இருந்தால் இன்னும் விரைவில் கெடும். கெட்ட சவ்வு நிறைய நீர் தரும். ஊராரும் மகிழ்ந்து போவார்கள். ஆனால் அதில் உப்பும் சேர்ந்தே வரும். வழும்பைக் கழுவி மீட்கலாம். குளோரின் அரித்த சவ்வை மீட்க வழியே இல்லை.

சொட்டு நீர்ப் பாசனம் வைத்திருப்பவர்கள் இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. சொட்டு நீர்க் குழாயில் கட்டிய வழும்புக்குக் குளோரின் மருந்து; ஆர்.ஓ. சவ்வுக்கு அதே குளோரின் விஷம்.

அப்படியானால் குளோரினே வேண்டாமா? வேண்டும். இடமறிந்து போட வேண்டும். கிராமத்துச் சிறு நிலையத்துக்குப் பொருத்தமான முறை இதுதான்: ஆழ்துளைக் கிணற்று நீரில் நேராகச் சவ்வுக்குப் போகும் வழியில் குளோரின் கலக்க வேண்டாம். முதல் தொட்டியையும் அதிலிருந்து வரும் குழாயையும் மாதம் ஒரு முறை, சவ்வுக்குப் போகும் வால்வை மூடிவிட்டு, குளோரின் நீரால் கழுவ வேண்டும். பிறகு நல்ல நீர் விட்டு அலசி, குளோரோஸ்கோப்பில் பார்த்து, குளோரின் துளியும் இல்லை என்று தெரிந்த பின்னரே வால்வைத் திறக்க வேண்டும். பிளீச்சிங் பவுடரை நேராகத் தொட்டியில் கொட்டாமல், வாளியில் கரைத்துத் தெளிய வைத்துத் தெளிந்த நீரை மட்டும் ஊற்றவும். அடியில் தங்கும் சுண்ணாம்பு சவ்வுக்கு இன்னொரு பகை.

சுத்திகரித்த நீர் சேரும் தொட்டியில் கட்டாயம் குளோரின் இருக்க வேண்டும். சவ்வைத் தாண்டிய நீரில் கிருமியைத் தடுக்கும் காவல் எதுவும் இல்லை. லிட்டருக்கு 0.2 மில்லி கிராமாவது குளோரின் மீதம் இருந்தால்தான் குடத்திலும் கேனிலும் நீர் கெடாமல் இருக்கும். நீலநிற ஒளி வீசும் புற ஊதா விளக்கு இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். விளக்கின் வேலை விளக்கைத் தாண்டும் நீரோடு முடிந்தது. அழுக்குக் கேனுக்கு அது பொறுப்பாகாது.

கூட்டுக் குடிநீரையும் கிணற்று நீரையும் கலந்து ஓட்டும் நிலையங்களில் குளோரின் தானாகவே வந்துவிடும். அங்கே கரி வடிகட்டியோ, சோடியம் மெட்டாபைசல்பைட் மருந்தோ வைத்துக் குளோரினை அகற்றியாக வேண்டும். 1 மில்லி கிராம் குளோரினை அகற்றக் கணக்குப்படி 1.34 மில்லி கிராம் மருந்து போதும். நடைமுறையில் 3 மில்லி கிராம் வரை வைப்பது வழக்கம். கரி வடிகட்டியை நம்பி மறந்துவிடவும் கூடாது. குளோரினை இழந்த நீர் தங்கும் அந்தக் கரியே நாளடைவில் கிருமிப் பண்ணையாகிவிடும். அதை முறைப்படி எதிர்த் திசையில் நீர் விட்டு அலசி, காலம் தவறாமல் கரியை மாற்ற வேண்டும்.

கிருமிக்கு உரம் போடாதீர்கள்

விவசாயிக்கு நன்றாகப் புரியும் செய்தி ஒன்று உண்டு. மணிச்சத்து இல்லாத மண்ணில் பயிர் வளராது, களையும் வளராது. கிருமிக்கும் அப்படியே. சவ்வில் சுண்ணாம்பு படியாமல் இருக்க ஒரு மருந்து சொட்டுச் சொட்டாகச் சேர்ப்பார்கள். சில நிலையங்களில் இதற்குச் சோடியம் ஹெக்சாமெட்டாபாஸ்பேட் பயன்படுத்துகிறார்கள். அது நீரில் நாள்பட இருந்தால் சிதைந்து பாஸ்பேட்டாகிறது. அதாவது, களைக் காட்டுக்கு டி.ஏ.பி. தூவியது போல. நீரில் பாஸ்பேட்டைக் குறைத்தால் சவ்வில் வழும்பு கட்டுவது குறைகிறது என்பதை நெதர்லாந்து நாட்டு ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டியுள்ளனர்.

எனவே மருந்து வாங்கும்போது விலையை மட்டும் கேட்கக் கூடாது. கிருமிக்கு உணவாகாத மருந்துதானா என்றும் கேட்க வேண்டும். கரைத்த மருந்தை வாரக்கணக்கில் திறந்த டிரம்மில் வைக்கக் கூடாது. அந்த டிரம்மே பல இடங்களில் முதல் கிருமி நாற்றங்கால்.

முதல் தொட்டியில் வெயில் படக் கூடாது. வெயில் பட்டால் பாசி. பாசி செத்தால் கிருமிக்கு விருந்து. கறுப்புத் தொட்டி, இறுக்கமான மூடி, காற்றுக் குழாய்க்கு வலை ஆகிய மூன்றும் போதும். மழைக்குப் பின் கிணற்று நீர் கலங்கலாக வந்தால், அது தெளியும்வரை நிலையத்தை ஓட்டாமல் இருப்பதே லாபம். இந்த எச்சரிக்கை பெரிய நிலையங்களுக்கும் உண்டு. 2008-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் தொடங்கி ஐக்கிய அரபு அமீரகம், ஓமன் கரைகளில் கடல் நுண்பாசி பெருகிக் கடல் நீரே சிவந்தபோது, அங்கிருந்த கடல் நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் சிலவற்றை நிறுத்தி வைக்க நேர்ந்தது. நீர் கெட்டிருக்கும்போது ஓட்டிச் சவ்வைக் கெடுப்பதைவிட, நிறுத்துவது மேல்.

நிறுத்தி வைப்பதில்தான் கேடு

ஓடும் சவ்வைவிட நிற்கும் சவ்வில்தான் வழும்பு விரைவாகக் கட்டும். கிராம நிலையங்கள் காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் ஓடும். இடையில் மின்தடை. திருவிழா என்றால் பூட்டு. சிவகாசி வட்டாரத்தில் தீபாவளியை ஒட்டிப் பட்டாசு ஆலைகள் மூடும்போது, வெளியூரிலிருந்து வந்து தங்கியவர்கள் ஊர் திரும்புவார்கள்; நீரின் தேவை குறையும்; நிலையமும் நாட்கணக்கில் நிற்கும். திரும்பத் திறக்கும்போது நாற்றம் வரும். நோய் வந்தது திறந்த நாளில் அல்ல, மூடிய நாளில்.

செய்ய வேண்டியது கடினமல்ல. ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் சுத்திகரித்த நீரைக் கொண்டு குறைந்த அழுத்தத்தில் சில நிமிடம் சவ்வை அலசி, உள்ளே உள்ள உப்பு நீரை வெளியேற்ற வேண்டும். தேவை இல்லாத நாளிலும் 24 மணி நேரத்துக்கு ஒரு முறையாவது நிலையத்தைச் சிறிது நேரம் ஓட்ட வேண்டும். 48 மணி நேரத்துக்கு மேல் நிற்கும் என்று தெரிந்தால், சோடியம் மெட்டாபைசல்பைட் ஒரு சதவீதக் கரைசலைச் சவ்வுக்குள் நிரப்பி எல்லா வால்வுகளையும் மூடிவிட வேண்டும். 100 லிட்டர் சுத்திகரித்த நீருக்கு ஒரு கிலோ என்பது அளவு. உணவுத் தரமுள்ள மருந்தையே வாங்கவும். வாரம் ஒரு முறை கரைசலின் பி.எச். பார்த்து, 3 அல்லது அதற்குக் கீழே போயிருந்தால் புதுக் கரைசல் நிரப்பவும். மறுபடி தொடங்கும்போது முதல் ஒரு மணி நேரம் வரும் நீரைக் குடிக்கக் கொடுக்கக் கூடாது.

ஒரு எச்சரிக்கை. மெட்டாபைசல்பைட்டையும் பிளீச்சிங் பவுடரையும் அமிலத்தையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள். பிளீச்சிங் பவுடரில் அமிலம் பட்டால் குளோரின் வாயு கிளம்பும். மெட்டாபைசல்பைட்டில் அமிலம் பட்டால் கந்தக வாயு கிளம்பும். இரண்டும் மூச்சை அடைக்கும். பிளீச்சிங் பவுடர் பக்கத்தில் கந்தகத் தூளோ எண்ணெயோ இருக்கவே கூடாது. எதை எதோடு சேர்க்கக் கூடாது என்பதைச் சிவகாசி வட்டாரத்தாருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

நோட்டுப் புத்தகமே முதல் மருந்து

வழும்பு கட்டுவதைக் கண்ணால் பார்க்க முடியாது, எண்ணால் பார்க்கலாம். சவ்வுக்கு முன் ஒரு பிரஷர் மீட்டர், கழிவு நீர் வெளியேறும் இடத்தில் ஒரு பிரஷர் மீட்டர் இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தினமும் ஒரே நேரத்தில் எழுத வேண்டும். நல்ல நீரின் அளவு, கழிவு நீரின் அளவு, இரண்டின் டி.டி.எஸ்., ஓடிய மணி நேரம் ஆகியவற்றையும் எழுத வேண்டும். ஐந்து நிமிட வேலை.

அழுத்த வித்தியாசம் புதுச் சவ்வில் இருந்ததைவிட 10 முதல் 15 சதவீதம் ஏறினாலோ, நல்ல நீர் 10 சதவீதம் குறைந்தாலோ உடனே கழுவ வேண்டும். நீர் பாதியாகட்டும் என்று காத்திருந்தால் வழும்பு இறுகிவிடும். பிறகு எந்த மருந்தும் இறங்காது. மார்கழிக் குளிரில் நீர் சற்றுக் குறைவது இயற்கை. நீரின் சூடு ஒரு டிகிரி குறைந்தால் ஏறக்குறைய 3 சதவீதம் நீர் குறையும். இதைக் கண்டு பயந்து கழுவ வேண்டியதில்லை. அழுத்த வித்தியாசமும் ஏறியிருக்கிறதா என்று பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

கழுவுவதிலும் முறை உண்டு. வழும்புக்குக் காரக் கரைசல். சுண்ணாம்புப் படிவுக்கு அமிலக் கரைசல். வழும்பு இருக்கும்போது முதலில் அமிலத்தை விட்டால் வழும்பு இன்னும் இறுகும். முதலில் காரம், நன்றாக அலசல், பிறகு தேவையானால் அமிலம் என்பதே வரிசை. அளவும் சூடும் சவ்வு செய்த நிறுவனத்தின் குறிப்பில் இருக்கும். அதைத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். தொழிற்சாலைகளில் பயன்படுத்தும் கிருமிக்கொல்லி மருந்துகளைக் குடிநீர் நிலையத்தில் ஊராரே ஊற்றிப் பார்க்கக் கூடாது.

கழிவு நீரும் விவசாயியின் கவலை

லிட்டருக்கு 1500 மில்லி கிராம் உப்புள்ள நீரில் பாதி நல்ல நீராகப் பிரிந்தால், மிச்சப் பாதியில் ஏறக்குறைய 3000 மில்லி கிராம் உப்பு இருக்கும். வழும்பு கட்டிய நிலையம் ஒரு குடம் நல்ல நீருக்கு இன்னும் அதிகக் கழிவு நீரைத் தள்ளும். அதாவது நிலத்தடி நீரும் வீணாகிறது. இதை வாய்க்கால் வழியாகக் கண்மாயில் விடுவது கண்மாயையே கெடுப்பதாகும். கரிசல் மண்ணுக்குப் பாய்ச்சினால் நாளடைவில் மண் இறுகிப்போகும். கழிப்பறைக்கும், தெருக் கழுவுவதற்கும் இதைப் பயன்படுத்தலாம். வயலுக்கு விட எண்ணினால், அருப்புக்கோட்டை வேளாண் அறிவியல் நிலையத்தையோ வேளாண்மைத் துறையின் ஆய்வுக்கூடத்தையோ அணுகி, மண்ணையும் நீரையும் சோதித்த பின்பே முடிவு செய்ய வேண்டும்.

யார் செய்வது?

"இத்தனையும் செய்ய யாருக்கு நேரம்? மூன்று மாதத்துக்கு ஒரு முறை கம்பெனிக்காரர் வந்து பார்த்தால் போதாதா?" என்ற கேள்வி எழும். போதாது. மூன்று மாதம் களை எடுக்காமல் விட்ட பருத்திக் காட்டை ஒரே நாளில் சரிசெய்ய முடியுமா? கம்பெனிக்காரர் கழுவத்தான் வருவார். தடுக்கும் வேலை ஊரில் இருப்பவருடையது.

இன்று பல ஊர்களில் மேல்நிலைத் தொட்டி இயக்குநரிடமே ஆர்.ஓ. நிலையத்தின் சாவியும் கொடுக்கப்படுகிறது. பயிற்சி இல்லை; தனிச் சம்பளமும் இல்லை. லட்சக்கணக்கில் இயந்திரத்துக்குச் செலவிட்டு, அதைக் காப்பவருக்குக் கொடுக்க மனம் வராதது சரியான கணக்கல்ல. நிலையம் வைக்கும் திட்டத்திலேயே இரண்டு பேருக்குப் பயிற்சியும், மாதச் சம்பளமும் சேர்ந்திருக்க வேண்டும். இரண்டாவது ஆள் மகளிர் சுய உதவிக் குழுவிலிருந்து வரலாம். தண்ணீர் கெட்டால் முதலில் அறிபவர்கள் பெண்கள்தான்.

பணத்துக்கும் வழி உண்டு. கேன் ஒன்றுக்கு ஒரு ரூபாய் தனிக் கணக்கில் போட்டால், நாளைக்கு 200 கேன் போகும் ஊரில் ஆண்டில் 300 நாளைக்கு 60,000 ரூபாய் சேரும். சவ்வு மாற்றவும் மருந்து வாங்கவும் யாரிடமும் கையேந்த வேண்டியதில்லை. அந்தக் கணக்கையும் நிலையத்தின் நோட்டுப் புத்தகத்தையும் கிராம சபையில் படிக்க வேண்டும். தமிழ்நாட்டில் உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22 அன்றும் கிராம சபை கூடுகிறது. அன்று அந்த எண்களைப் படிப்பதைவிடப் பொருத்தமான வேலை வேறென்ன?

இப்பக்கத்துப் பெரியவர்களுக்கு ஊருணி நினைவிருக்கும். குடிக்கும் ஊருணியில் கால் கழுவ விடமாட்டார்கள். மாட்டை இறக்க விடமாட்டார்கள். கரையில் காவல் இருக்கும். கோடையில் தூர் எடுப்பார்கள். கலங்கல் நீரைத் தேற்றாங்கொட்டையை உரசித் தெளிய வைத்துக் குடித்தார்கள். கிருமி என்ற சொல்லை அறியாதவர்கள்தான். ஆனால் கெட்டபின் சுத்தம் செய்வதைவிடக் கெடாமல் காப்பது எளிது என்பதை அறிந்திருந்தார்கள்.

1923-ஆம் ஆண்டு சிவகாசியிலிருந்து பி. ஐயநாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போனார்கள். போனது தீப்பெட்டி வாங்கி வர அல்ல. தொழிலைக் கற்று வர. அதனால்தான் அத்தொழில் இந்த வறண்ட பூமியில் வேரூன்றியது. குடிநீர் இயந்திரத்தை மட்டும் விலைக்கு வாங்கி, அதைக் காக்கும் தொழிலைக் கற்காமல் விடுவது இம்மண்ணின் வழக்கம் அல்ல.

உங்கள் ஊர் நிலையத்துக்கு இந்த வாரமே ஒரு முறை போய்ப் பாருங்கள். அழுத்த எண்களை எழுதிய நோட்டு இருக்கிறதா, முதல் தொட்டிக்கு மூடி இருக்கிறதா, கடைசியாக எப்போது கழுவினார்கள் என்ற மூன்றையும் கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால் அடுத்த கிராம சபையில் எழுந்து கேளுங்கள். பூட்டிக் கிடக்கும் நிலையத்தின் முன் காலிக் குடத்துடன் நிற்பதைவிட, ஓடுகிற நிலையத்தின் முன் ஒரு கேள்வியுடன் நிற்பது நல்லது.